மூன்று விரல்

ஜூன் 12, புதன்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்கூட முடியவில்லை. அதற்குள் குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டார்கள்.

மாலை மிதுனாவைக் கூட்டிவரப் போனேன். அவளுடைய ஒன்றாம் வகுப்பு ரேவதி மிஸ் என்னைக் கேட்டிலேயே நிறுத்தினார். சுற்றிலும் மற்ற அம்மாக்கள். மிதுனா பென்சிலை ஐந்து விரலாலும் அள்ளிப் பிடிக்கிறாளாம், தோசைக் கரண்டி பிடிப்பது போல. மற்ற பிள்ளைகள் எல்லாம் கோட்டுக்குள் எழுதுகிறார்களாம். இவள் ஒருத்தியால் வகுப்பே காத்திருக்கிறதாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அம்மா இருந்து சொல்லிக் குடுக்கற புள்ளைங்களுக்கு இந்தப் பிரச்சினையே வர்றதில்லீங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் நான் யாரென்று நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ஏன் தலையாட்டினேன் என்று வீடு வரும் வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

இது நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. சீண்டுவாரில்லாமல் கிடந்தது. யாரிடமாவது கத்த வேண்டும் போல் இருக்கிறது, வீட்டில் ஆளில்லை. மிதுனாவின் அப்பா மோட்டார் பம்பு விற்கப் பொள்ளாச்சி, உடுமலை என்று திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் வருவார். தை மாதம் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தேன். மிதுனாவின் அம்மா சுகன்யா, குழந்தைக்கு மூன்று வயதாக இருக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனாள். மிதுனாவைப் பெற்றவள் இருந்து சொல்லிக் கொடுக்கவில்லை, உண்மைதான். அதைக் கேட்டில் வைத்து, அந்தக் குழந்தையின் காதுபடச் சொல்ல வேண்டுமா?

ஜூன் 13, வியாழன்

பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். "அதெல்லாம் தானா வரும்டி" என்றார். எது கேட்டாலும் இந்த மனிதருக்குத் தானாக வரும்.

மதியம் பூங்கொடி அக்கா வந்தார். சுகன்யாவின் உடன்பிறந்த அக்கா. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஞாயிறு தவறாமல் வந்து, மிதுனாவை மடியில் உட்காரவைத்து, நகம், தலை, காது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கண்காட்சியில் மாடு வாங்க வந்தவர் பார்ப்பது போல இருக்கும். இன்று தலையில் ஒரு பேன்கூடக் கிடைக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று எனக்குப் பட்டது. பென்சில் விஷயம் தெரிந்ததும், "சுகன்யா எழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார்.

ஜூன் 19, புதன்

எங்கள் லேப் இருக்கும் கிளினிக்கிலேயே குழந்தைகள் டாக்டர் உட்காருகிறார். கூட்டம் குறைந்ததும் உள்ளே போய்க் கேட்டேன். சிரித்துவிட்டார். அஞ்சரை வயதுக் குழந்தையின் விரலுக்கு இன்னும் பலம் வரவில்லை, பலம் வந்தால் பிடி வரும், முதலில் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலுக்கு வேலை கொடு என்றார். மாவு கிள்ளட்டும், துணி கிளிப் மாட்டட்டும், நீளப் பென்சிலுக்குப் பதில் உடைந்த சாக்பீஸ் கொடு, துண்டு சாக்பீஸை முழுக் கையால் பிடிக்க முடியாது, விரல் தானாகவே நுனிக்கு வரும் என்றார். எவ்வளவு எளிய விஷயம். இதைச் சொல்ல அந்த மிஸ்ஸுக்கு வாய் இல்லையா? பி.எட். படித்ததாகச் சொன்னார்களே, அங்கே இதைச் சொல்லித் தரவில்லையா?

ஜூன் 22, சனி

விரலுக்கு வேலை கொடுத்தாயிற்று. சாம்பாருக்கு வேண்டிய சின்ன வெங்காயம் முழுவதும் மிதுனா உரித்தாள். பாதித் தோலோடு சாம்பாரில் போனது. துணி காயப்போட்டபோது கிளிப் எல்லாம் அவள்தான் மாட்டினாள். அவள் அப்பாவின் சட்டை ஒன்றுக்கு மட்டும் ஒரு டஜன் கிளிப்.

பிறகு சாக்பீஸை ஒடித்துக் கையில் கொடுத்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடிக்கணும், நடு விரல் அடியில் தலையணை மாதிரி படுத்துக்கணும் என்று காட்டினேன். அவள் யோசித்தாள்.

"மீதி ரெண்டு வெரலு என்ன பண்ணும் சித்தி?"

"சும்மா மடங்கி உக்காந்திருக்கும்."

"அதுக்கு மட்டும் ஏன் வேல இல்ல?"

 பஞ்சை உருட்டிக் கொடுத்து, அந்த இரண்டு விரலும் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அதுகளின் வேலை என்றேன். திருப்தியாகிவிட்டாள். வாசல் முழுக்க வட்டம்.

ஜூலை 3, புதன்

லேபில் மிஷின் கோளாறு. வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடம் ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்து. மிதுனா பென்சிலைத் தொடவே மாட்டேன் என்றாள். சாக்பீஸ் பிடிக்கிறவளுக்குப் பென்சில் மட்டும் என்ன வந்தது?

நான் அடிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து விரலைப் பிரித்து வைத்தேன். கொஞ்சம் அழுத்திப் பிடித்திருப்பேன். கத்தினேன், அது நிஜம். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் திறக்கிற ஜன்னல்தான் அது.

இரவு அவளுக்குப் பிடித்த ராகி அடை சுட்டேன். மாவு மீதம் இருந்தது, அதனால்.

ஜூலை 8, திங்கள்

மிதுனா வாசலில் பஸ் வரைந்தாள். ஓட்டுநர், ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு தலை. சாக்பீஸ் மூன்று விரலில் அழகாக உட்கார்ந்திருந்தது. பஸ் முடிகிற வரை நான் மூச்சுவிடவில்லை.

அந்த உற்சாகத்தில் பென்சிலை எடுத்துவந்து நீட்டினேன். அவ்வளவுதான். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். லேபில் ஊசியைப் பார்த்த குழந்தைகள் இப்படித்தான் ஒளிப்பார்கள். என்ன பிடிவாதம். யாரிடமிருந்து வந்ததோ.

ஜூலை 15, திங்கள்

பிடிவாதம் இல்லை.

சாயங்காலம் குளிக்க வைத்தபோது சோப்புப் பட்டதும் "ஸ்" என்று கையை இழுத்தாள். பிடித்துப் பார்த்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில், நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில், உள்பக்கமாகக் கன்றிப்போய் இருக்கிறது. நேர்க்கோடாக ஊதா நிறத்தில். பழைய தழும்பின் மேல் புதிது. என்ன ஆச்சு என்றேன். விழுந்துட்டேன் என்றாள். விழுந்தால் முட்டி தேயும், முழங்கை தேயும். விரலிடுக்கிலா அடிபடும்?

விரல்களுக்கு நடுவில் பென்சிலைச் செருகி, வெளியிலிருந்து சேர்த்து அழுத்துவது. கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் அதெல்லாம் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

மிஸ்ஸா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மருந்து போட்டேன். மருந்துப் பஞ்சை இரண்டு முறை கீழே போட்டேன். தினமும் எத்தனையோ பேருக்கு ஊசி குத்துகிற கை.

இன்று முதல் அந்தப் பெண்ணுக்கு 'ர்' விகுதி போட என்னால் முடியாது.

ஜூலை 16, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டு மிதுனாவோடு பள்ளிக்கூடம் போனேன். பிரின்சிபால் அறை வாசலில் நெடுநேரம் உட்கார வைத்தார்கள். ஏசிக் குளிரில் சாமி படத்துக்கு ஊதுபத்தி. பிரின்சிபால் மிதுனாவின் விரலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ரேவதியைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், பார்த்தாள், "எனக்கு எதுவும் தெரியாதுங்க மேடம்" என்றாள். கண் இமைக்காமல் சொன்னாள். மிதுனா என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

வீட்டில் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பது யார் என்று பிரின்சிபால் கேட்டார்.

"நான்தானுங்க."

"நீங்க குழந்தைக்கு...?"

"சித்தி."

"ஓ" என்றார்.

ஒரு எழுத்துதான். இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. பள்ளியில் எல்லா இடத்திலும் கேமரா இருக்கிறது என்றார். வகுப்பறைக் கேமராவைக் காட்டுங்கள் என்றேன். அது சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம். வராந்தாவில் இருப்பதைக் காட்டட்டுமா என்றார். வராந்தாவிலா என் பிள்ளையின் விரலை நசுக்கினார்கள்?

வகுப்பை மாற்றுங்கள், மாற்றும் வரை அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

இவர் போனில் கூப்பிட்டார். பிரின்சிபாலே இவரிடம் பேசிவிட்டாராம். மிஸ்ஸுக்குப் புத்தி சொல்லியாகிவிட்டது, லீவு போட வைத்தால் பாடம் போய்விடும் என்றாராம். நாளை அனுப்பு என்றார் இவர். புத்தி எதற்கு? அவள்தான் எதுவுமே செய்யவில்லையே? இதைக் கேட்டேன். சிக்னல் இல்லை என்றார்.

ஜூலை 18, வியாழன்

அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. சாயங்காலம் வந்ததிலிருந்து மிதுனா என் முகத்தையே பார்க்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

இவர் ஊரிலிருந்து வந்தார். கூடவே பூங்கொடி அக்காவும் வந்தார். அப்போதே புரிந்திருக்க வேண்டும். பிரின்சிபால் இவரிடம் போனில் பேசியது பாடம் போய்விடும் என்பது மட்டும் இல்லை. குழந்தையின் விரலில் காயம் இருக்கிறது, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள், நாங்கள் வெளியே சொல்லவில்லை, உங்கள் குடும்ப கௌரவம் என்றிருக்கிறார். நான் அவர்கள் முன்னால் கொண்டுபோய் நீட்டிய விரல். அதையே எடுத்து என் மேல் நீட்டிவிட்டார்கள்.

பூங்கொடி அக்கா கையைப் பிரித்துப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இவர் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார்.

"யாரு சாமி பண்ணுனது? பெரியம்மாகிட்டச் சொல்லு" என்று அக்கா கேட்டார். மிதுனா என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். 

அந்தப் பார்வை போதாதா? எதிர் வீட்டம்மா வேறு சொல்லியிருக்கிறார், அன்றைக்கு நான் கத்தியதை. கத்தினேன் என்றேன். கையை இழுத்தேன் என்றும் சொன்னேன். இது நான் செய்ததில்லை என்றேன். பென்சிலை எடுத்து என் விரலிலேயே வைத்து, எப்படி அழுத்தினால் அந்தத் தடம் வரும் என்று காட்டினேன். அது இன்னும் வினையாகிப்போனது.

"இவ்வளவு நல்லாத் தெரியுதே உனக்கு" என்றார் அக்கா.

இவர் திரும்பாமலே, "கொஞ்ச நாளு அங்க இருக்கட்டும் மேகலா" என்றார்.

மிதுனாவின் துணியை நான்தான் மடித்து வைத்தேன். வேறு யாருக்கும் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஸ்கூட்டரில் அக்காவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

வீடு அமைதியாக இருக்கிறது. நல்லதுதான்.

ஜூலை 23, செவ்வாய்

வெங்காயம் உரித்தேன்.

ஜூலை 25, வியாழன்

வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. பூங்கொடி அக்கா தெரு வழியாகவும் போகலாம், கொஞ்சம் சுற்று. மாடிக் கொடியில் மிதுனாவின் யூனிபார்ம் தொங்கியது. காலரில் அழுக்கு அப்படியே இருந்தது, தேய்க்காமல் மிஷினில் போட்டிருக்கிறார்கள். எனக்கென்ன.

வங்கி மூடிவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

இவரிடம் கெஞ்சினேன். என்னைச் சந்தேகப்படுங்கள், பரவாயில்லை, ஆனால் அந்த வகுப்புக்கு மட்டும் அவளை அனுப்பாதீர்கள் என்றேன். நான் செய்திருந்தால் என்னிடமிருந்து பிரித்தாயிற்று, மிஸ் செய்திருந்தால் தினமும் அவளிடமே கொண்டுபோய் விடுகிறீர்கள், யோசித்துப் பாருங்கள் என்றேன். "நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். எப்போதும் கழுவ மாட்டார்.

ஜூலை 30, செவ்வாய்

மதிய இடைவேளையில் பள்ளிக்கூட வேலிப்பக்கம் போய் நின்றேன். கையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று. மிதுனா டப்பாவைக் கழுவக் குழாய்க்கு வந்தாள். ஸ்பூனை இடது கையில் வைத்திருந்தாள். கூப்பிட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டப்பாவைக் குழாயடியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

சரி.

வாட்ச்மேன் வந்து, இங்கே நிற்கக் கூடாது, என் பெயர் சொல்லி உத்தரவு இருக்கிறது என்றார். ரத்தம் எடுக்க வருகிறவர்களுக்கு வலிக்காமல் குத்தத் தெரியும் என்று பெயர் வாங்கியவள் நான். இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் என்னைப் பற்றி உத்தரவு இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. இவர் மிதுனாவைப் பார்க்க அக்கா வீட்டுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. எலுமிச்சைச் சாதம் கிளறினேன். அளவு தெரியாமல் மூன்று பேருக்கு ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் காலிங் பெல் நிற்காமல் அடித்தது. கதவைத் திறந்தால் பூங்கொடி அக்கா. ஒரு கையில் மிதுனா, இன்னொரு கையில் அவருடைய மகன் கவின், நாலு வயது. அக்காவின் முகம் வீங்கியிருந்தது. இவர் என் பின்னால் வந்து நின்றார்.

நேற்று இவர் கிளம்பி வந்த பிறகு நடந்ததாம். பிள்ளைகள் இரண்டும் மாடியில் பள்ளிக்கூடம் விளையாடியிருக்கின்றன. கவின் வீறிட்டு அழுதிருக்கிறான். அக்கா ஓடிப் பார்த்தால், மிதுனா அவன் விரல்களுக்கு நடுவில் பென்சிலைச் செருகி அழுத்திக்கொண்டிருக்கிறாள். "ஒழுங்காப் புடிப்பியா? இனி ஒழுங்காப் புடிப்பியா?" என்று கேட்கிறாளாம். அவள் குரலே இல்லையாம் அது. அக்கா அடிக்கக் கை ஓங்கிவிட்டு, "இத ஆருடி உனக்குக் காட்டுனது, உங்க சித்தியா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல, மிஸ்ஸு" என்றிருக்கிறாள். சொன்னதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து அழுதாளாம். சொல்லிட்டேன், சொல்லிட்டேன் என்று அதையேதான் சொன்னாளாம். ராத்திரி முழுக்கக் கேட்டுக் கேட்டுத்தான் மிச்சம் வந்திருக்கிறது. நான் பிரின்சிபாலைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அந்த வியாழக்கிழமை, ரேவதி இவளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் உங்க சித்திதான் செஞ்சாங்கன்னு நினைக்கறாங்க, நீ ஏதாச்சும் வாயத் தொறந்தா போலீஸ் வந்து சித்தியப் புடிச்சுக்கிட்டுப் போயிரும் என்று.

அதனால்தான் அன்றைக்கு என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்திருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுக்கிறாள் என்று நான் நினைத்தேன். அஞ்சரை வயதில் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், விரலை நசுக்கக் கொடுத்துக்கொண்டு.

குழாயடியில் ஏன் ஓடினாய் என்று கேட்டேன்.

"நீங்க வெளிய வந்து நின்னா போலீஸ் பாத்துருமுல்ல" என்றாள்.

போலீஸ் வராது, வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். நம்பவில்லை. ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை வாங்கிப் பார்த்தேன். நான் பார்க்காத நாட்களின் தடங்கள் எல்லாம் இருந்தன. அக்கா பார்க்கக் கேட்டபோதெல்லாம் கையை மூடிக்கொண்டாளாம்.

பூங்கொடி அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. நேராக என் சமையலறைக்குள் போனார், காபி போட்டார், எனக்கு முதலில் கொடுத்தார். "நாளைக்குக் காத்தால போறோம். நீ அந்த நீலச் சேல கட்டிக்க. படிச்சவ மாதிரி தெரியோணும்" என்றார்.

நான் படித்தவள்தான். சொல்லவில்லை. நீலச் சேலையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

இவர் ஏதோ சொல்ல வந்தார். இப்போது வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கேட்டில் வாட்ச்மேன் என்னை மறித்தார். பூங்கொடி அக்கா அவரைப் பார்த்த பார்வையில் கேட் தானாகத் திறந்தது.

பிரின்சிபால் முதலில் உட்காரச் சொன்னார், அப்புறம் தண்ணீர் கொடுத்தார், அப்புறம் குழந்தைகள் கற்பனையாக நிறையச் சொல்வார்கள் என்றார். அக்கா மிதுனாவின் கையை மேஜைக் கண்ணாடி மேல் விரித்து வைத்தார்.

"ரெண்டு வாரமா எங்க வீட்ல இருந்தா. இது போன வெள்ளிக்கெழமத் தடம். அப்ப நானும் பண்ணேன்னு சொல்லுவீங்களா?"

பிரின்சிபாலிடம் அதற்கு "ஓ" இல்லை.

ரேவதி வந்தாள். இல்லை என்று தொடங்கினாள். அப்போது கதவோரத்தில் யாரோ வந்து நின்றார். முதல் நாள் கேட்டில் நின்று, எனக்கு விழுந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்களில் ஒருவர். நாங்கள் வாசலில் வாட்ச்மேனிடம் பேசியதைக் கேட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறார். தன் பையனின் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து, மிதுனாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவன் விரலிடுக்கிலும் அதே கோடு. பையன் மரத்திலிருந்து விழுந்ததாக வீட்டில் சொல்லியிருக்கிறான். அவர்கள் வீட்டில் மரமே இல்லையாம்.

ரேவதி அழுதாள். ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இன்ஸ்பெக்‌ஷனுக்குள் எல்லாரும் கோட்டுக்குள் எழுத வேண்டும் என்று மேலே இருந்து நெருக்குகிறார்கள் என்றாள். நெருக்குகிறார்கள், இருக்கலாம். பிரின்சிபால் உடனே ஜன்னலைப் பார்த்ததிலேயே தெரிந்தது. ஆனால் அந்த நெருக்கல் மேலிருந்து இறங்கி இறங்கி எங்கே வந்து நின்றது? இருப்பதிலேயே சின்ன விரலில். போலீஸ் என்று பயம் காட்டினாயே, அதையும் மேலே இருந்துதான் சொன்னார்களா என்று கேட்டேன். அதற்கு அழுகை நின்றுவிட்டது.

பிரின்சிபால் சமாதானம் பேசினார். மிஸ்ஸை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன், வெளியே போக வேண்டாம் என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். என் கணவருக்கு நீங்கள் போன் செய்து சொன்னீர்களே, அதே போனில், அதே வாயால், இப்போது உண்மையைச் சொல்லுங்கள், ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். சுற்றி வளைத்தார், "தகவல் குழப்பம்" என்றார், "எங்கள் தரப்பிலும்" என்றார். பூங்கொடி அக்கா மேஜையைத் தட்டினார். அப்புறம்தான், "உங்க மனைவி மேல தப்பு இல்லீங்க" என்று வந்தது.

 இவர் பக்கத்திலிருந்து லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

மன்னிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கல்வி அலுவலகம் போய் எழுதிக் கொடுத்தோம். அந்த இன்னொரு அம்மாவும் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அதிகாரி வந்து விசாரித்தார். இன்னும் பல பிள்ளைகள் கையை நீட்டியிருக்கின்றன. ரேவதியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பிரின்சிபால் அதே நாற்காலியில் இருக்கிறார். காலை வழிபாட்டில் குழந்தைகளின் நலனே தன் உயிர்மூச்சு என்று மைக்கில் பேசினாராம். எனக்கு மைக்கைப் பிடுங்கத் தெரியாதது ஒரு குறை.

மிதுனாவை இனி அங்கே அனுப்பப் போவதில்லை. நான் யாரையும் கேட்கவில்லை, சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இவர் வந்தார். பையை வைத்துவிட்டு நின்றபடியே, "தப்பு என்மேலதான்" என்றார்.

பள்ளிக்கூடத்தின் மேல் இருப்பதைவிட உங்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் என்றேன். அவர்கள் யாரோ. அவர்களுக்குத் தப்பிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, சித்தி என்று ஒருத்தி கிடைத்தாள். உங்களுக்கு என்ன வந்தது?

"நீயா பண்ணுனேன்னு ஒரு தடவ என்னக் கேட்டிருக்கலாமுல்ல. திட்டிக்கூடக் கேட்டிருக்கலாம். கேக்கவே இல்லீங்களே நீங்க."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன் என்றார். ஆமாம் என்று சொன்னால் அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார்.

அது ஒரு பதிலா? தெரியவில்லை. பொய் இல்லை என்று மட்டும் தெரிந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சாப்பாடு போட்டேன். ஒரு பொரியலைக் குறைத்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பூங்கொடி அக்கா கவினோடு வந்தார். மிதுனாவின் தலையைப் பார்க்கவில்லை, என்னிடம் எண்ணெய் என்ன விலை என்று கேட்டார். பேசிக்கொண்டே இருந்தோம். பிள்ளைகள் இரண்டும் தரையில் படுத்துத் தேசியக் கொடி வரைந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மிதுனா கையில் இருப்பது சாக்பீஸ் இல்லை. அக்கா பையில் எதற்கோ வைத்திருந்த, விரல் நீளம்கூட இல்லாத ஒரு துண்டுப் பென்சில். முதலில் அள்ளித்தான் பிடித்தாள். கொடிக்கம்பம் கோணலாகப் போனது. நிறுத்தி, கையைப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், அடியில் நடு விரல்.

அக்கா வாயைத் திறந்தார். தொடையில் கிள்ளினேன். மூடிக்கொண்டார்.

அசோகச் சக்கரம் வந்ததும் மறுபடி அள்ளிப் பிடித்தாள். பிடிக்கட்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று புதுப் பள்ளிக்கூடம். வாய்க்கால் தாண்டி இருக்கிற ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அங்கே போடுவதில் இவருக்கு முதலில் கொஞ்சம் சங்கடம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று. அந்த நாலு பேரை என்னிடம் பேசச் சொல்லுங்கள் என்றேன்.

இங்கே யாரிடமும் சண்டை போடக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனேன். முதல் நாள். நல்ல பெயர் எடுக்க வேண்டும். சிரித்த முகமாக வகுப்பு வாசலில் நின்றேன். டீச்சர் நடுத்தர வயது, மூக்குக் கண்ணாடி. நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். மிதுனாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, உன் பேரு எழுது பாக்கலாம் கண்ணு என்றார்.

மிதுனா பென்சிலை முழுக் கையால் அள்ளி எடுத்தாள். டீச்சர், "இப்படியில்ல" என்று மெதுவாகச் சொல்லி விரலைச் சரிசெய்யக் கையை நீட்டினார்.

மிதுனா கையை வெடுக்கென்று இழுத்தாள். பாவாடைக்குள் ஒளித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். ஒளிக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு டீச்சரை நேராகப் பார்த்தாள்.

"என்ற வெரலத் தொடாதீங்க டீச்சர். எனக்கு மெதுவாத்தான் வரும். தொட்டீங்கன்னா எங்க சித்தி சண்டைக்கு வந்துருவாங்க."

வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. டீச்சரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க டீச்சர்" என்றேன். "வந்துருவேன்."